கூரையில் சோலார் இருக்கு, கரண்ட் போனால் வீடு ஏன் இருட்டு?

யாழ்ப்பாணத்தில் சோலார் பொருத்தும் வேலை செய்யும் என்னிடம் ஆட்கள் அதிகம் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். விற்கும்போது பலர் இதைச் சொல்வதில்லை. சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டிதான் இன்வேட்டர். பற்றரி இல்லாத சாதாரண இன்வேட்டர், பொது மின் லைனில் கரண்ட் இல்லையென்றால் தானாகவே நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்பவரை உங்கள் வீட்டுக் கரண்ட் அடிக்கும்.

நாட்டின் நிலையும் ஏறக்குறைய இதுதான். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் எரிக்கும் நிலக்கரியும் மற்ற நிலையங்களுக்கான எண்ணெயும் கப்பலில் வருபவை. 2022 மார்ச் கடைசியில் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் நாளொன்றில் 13 மணிநேரம் இருட்டில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு கூரைக்குக் கூரை சோலார் ஏறியது நல்ல விஷயம், ஆனால் பெரும்பாலும் பற்றரி இல்லாமல் ஏறியது. நமக்குக் கரண்ட் அதிகம் தேவைப்படுவது மாலை 6.30இலிருந்து இரவு 10.30 வரை, அந்த நேரத்தில் வெயில் ஏது?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததால் நாடே இருண்டது என்று எல்லோரும் சிரித்தார்கள். குரங்கைவிட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள். விடுமுறை நாள், தேவை குறைவு, ஓடிக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு சோலார். நிலக்கரி, நீர்மின் நிலையங்களின் பெரிய சுழலிகள் குறைவாக ஓடும்போது ஒரு கோளாறு வந்தால் அதைத் தாங்கிப்பிடிக்கும் கனம் லைனில் இருக்காது, ஒன்று விழ மற்றதும் விழும். அப்புறம் அதே வருடம் ஏப்ரலில், தேவை குறையும் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலாரைப் பகல் 3 மணிவரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. எரிபொருளுக்கு டொலர் தேடும் நாடு, இலவசமாக வரும் வெயிலை வேண்டாம் என்றது!

பிழை எங்கே என்று கேட்டால், மதியம் கொடுக்கும் யூனிட்டுக்கும் இரவு ஏழு மணிக்குக் கொடுக்கும் யூனிட்டுக்கும் இத்தனை காலம் ஒரே விலை கொடுத்ததில்தான் என்பேன். அப்படியிருக்க யார் பற்றரி வாங்குவார்? கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் பகல் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி இரவில் இறக்கும் 600 மெகாவாட் திட்டம் நெடுநாளாகப் பேச்சில் இருக்கிறது. நல்ல திட்டம், ஆனால் கட்டி முடிக்கப் பல வருடம் ஆகும். உபமின்நிலையங்களில் பெரிய பற்றரிகள் வைப்பதை அதைவிட விரைவாகச் செய்யலாம். தேசிய லைன் போகாத, படகில் டீசல் ஏற்றிப்போன நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய உதவியோடு போட்ட திட்டத்தில் சோலார், காற்றாலையோடு பற்றரியும் முதலிலேயே சேர்ந்திருந்தது. தீவுக்குத் தெரிந்த கணக்கு பெரிய தீவுக்கும் பொருந்தும்.

சரி, வீட்டுக்கு வருவோம். 5 யூனிட் (கிலோவாட் மணி) பற்றரியில் நம்பி எடுக்கக்கூடியது நாலு, நாலரை. மூன்று ஃபான், எல்ஈடி பல்புகள், வைஃபை, ஒரு பிரிட்ஜ் என்றால் ஏறக்குறைய இரவு முழுக்க ஓடும். ஏசியையும் தண்ணி மோட்டரையும் அதில் கொழுவாதீர்கள், மோட்டர் தொடங்கும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பொஸ்பேற்) வகையே வாங்குங்கள், வெப்பத்தை ஓரளவு தாங்கும், அதிக தடவை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், படுக்கையறையில் வேண்டாம். ஏற்கெனவே சோலார் இருந்தால் இருக்கும் இன்வேட்டரோடு பற்றரி சேருமா, சோலாரையும் பற்றரியையும் சேர்த்து ஓட்டும் ஹைபிரிட் இன்வேட்டர் ஒன்று மாற்ற வேண்டுமா என்பதை முற்பணம் கொடுக்க முன் எழுத்தில் வாங்குங்கள், கரண்ட் போனால் எந்தெந்தப் பிளக் வேலை செய்யும் என்பதையும் சேர்த்து.