காட்டன் துணியில் அந்தப் பசையை ஊற்றாதீர்கள்

இந்த வருடத்தில் இது மூன்றாவது ஆள். போன சனிக்கிழமை வகுப்புக்கு வந்த மாணவி உட்காரும்போதே முகத்தைச் சுளித்தாள். என்னம்மா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல டீச்சர், தொடையில லேசா சுட்டுக்கிட்டேன்" என்றாள். எண்ணெய் தெறித்திருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை. துணியில் பாசி மணி ஒட்டிக்கொண்டிருக்கும்போது, சூப்பர் குளூ என்கிறோமே, அந்த உடனடிப் பசை ட்யூபிலிருந்து வழிந்து மடியில் கொட்டியிருக்கிறது. போட்டிருந்தது காட்டன் நைட்டி. வழிந்ததை அந்த நைட்டியின் ஓரத்தாலேயே அழுத்தித் துடைத்திருக்கிறாள். அடுத்த நிமிடம் புகை. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம்.

"பசை போய் எப்படி டீச்சர் சுடும்?"

இதற்கு முன் வந்த இரண்டு பேரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஒருவருக்கு விரல், இன்னொருவருக்கு உள்ளங்கை. மூன்று பேருமே படித்தவர்கள், கவனமாக வேலை செய்கிறவர்கள். மூன்றாவது முறையும் வகுப்புக்குள் மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மதுரையில் இருபது வருடமாக எம்பிராய்டரியும் துணி ஓவியமும் சொல்லித் தருகிறேன். சில வருடங்களாக எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் பிடித்தது சின்னத் துணிச் சித்திரங்கள்தான். 4க்கு 6 அங்குலம், ஒரு அஞ்சலட்டை அளவு. காடாத் துணியோ பழைய சுங்குடிச் சேலையின் துண்டோ அடித்தளம். அதன்மேல் அக்ரிலிக் பெயிண்ட், காயத்துக்குக் கட்டுகிற மெல்லிய காஸ் துணி கொஞ்சம், சாக்கு நூல், ஜாக்கெட் பிட், மணி, சம்கி. இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு கடலையோ கருவேலங்காட்டையோ மழைக்காலச் சுவரையோ கொண்டுவந்துவிடலாம். கையால் தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் தெரிய வேண்டும், அதுதான் இதன் சுகம். செலவும் அதிகமில்லை, மேசை ஓரத்தில் வைத்தே செய்யலாம். அதனால்தான் வீட்டில் இருக்கிற பெண்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோரும் வருகிறார்கள். அவர்கள் கையில் காயம் படுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

"சூடு வேண்டுமென்றால் நெருப்பு வேண்டும், அல்லது கரண்ட் வேண்டும். ட்யூபில் இருப்பது குளிர்ந்த திரவம். அதனால் சுடாது." நம் எல்லோர் மனதிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. சூடான பசைத் துப்பாக்கியைத் தொட்டால் பயப்படுகிறோம், இந்தச் சின்ன ட்யூபை மட்டும் பிள்ளைகள் கையில்கூடக் கொடுக்கிறோம். சூளையில் சுட்ட சுண்ணாம்புக் கல்லை நினைத்துப் பாருங்கள். கல்லும் குளிர்ந்ததுதான், தண்ணீரும் குளிர்ந்ததுதான். இரண்டும் சேர்ந்ததும் பானை தளதளவென்று கொதிக்கும். பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். அடுப்பே இல்லாமல் வந்த சூடு அது. இந்தப் பசையும் அப்படித்தான்.

இதன் பெயர் சயனோஅக்ரிலேட். மற்ற பசைகளைப் போல இது தண்ணீர் வற்றிக் காய்வதில்லை. ஈரத்தைத் தொட்டதும் இறுகத் தொடங்கும், இறுகும்போது சூட்டை வெளியே தள்ளும். செருப்பில் ஒரு சொட்டு விட்டால் அந்தச் சூடு உங்களுக்குத் தெரியவே தெரியாது. காட்டன் துணி அப்படியல்ல. தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போல இருக்கும், ஆனால் 100 கிராம் பருத்தியில் சாதாரணமாகவே 7-8 கிராம் ஈரம் ஒளிந்திருக்கும். பாலியெஸ்டரில் அரை கிராம்தான் இருக்கும். போதாததற்கு, பருத்தி மெல்லிய இழை இழையாகப் பிரிந்து கிடக்கிறது. பசை திரியில் ஏறும் எண்ணெய் மாதிரி எல்லா இழைக்குள்ளும் ஒரே நேரத்தில் ஓடிவிடும். எல்லாம் ஒன்றாக இறுகும், மொத்தச் சூடும் ஒன்றாக வரும். அதிகம் ஊறினால் புகையும், துணி கருகவும் செய்யும். கீழே தோல் இருந்தால் தோல் வேகும். கம்பளிக்கும் இதே கதைதான். பஞ்சு, காஸ் துணி, காது குடையும் பட்ஸ் எல்லாம் பருத்தி என்பதை மறந்துவிடாதீர்கள்.

"ஆஸ்பத்திரியிலேயே காயத்தை இந்தப் பசையால்தானே ஒட்டுகிறார்கள்?" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அது அதே குடும்பம், ஆனால் அதே பொருள் இல்லை. மருத்துவர்கள் பயன்படுத்துவது தோலுக்கென்று மாற்றிச் செய்தது, சூடும் எரிச்சலும் குறைவு. நம் கடையில் தொங்குவது பெரும்பாலும் எத்தில் சயனோஅக்ரிலேட் என்கிற வகை. காயத்தில் போடுவதற்காக அதைத் தயாரிக்கவில்லை. இந்தப் பொருள் பிறந்த கதையும் அதைத்தான் சொல்கிறது. 1942இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தின் ஹாரி கூவர் குழு, துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது அகப்பட்டது. தொட்ட இடமெல்லாம் ஒட்டித் தொல்லை கொடுத்ததால் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். 1958இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. உலோகம், கண்ணாடி, ரப்பர் இவற்றுக்கான சரக்கு. துணிக்கு இதில் இடமே இல்லை.

துணிச் சித்திரத்துக்கும் இது நல்லதில்லை. அந்த மாணவி தன் சித்திரத்தைக் கொண்டுவந்திருந்தாள். தனுஷ்கோடிக் கடல். நீலத்தை மூன்று அடுக்காக இறக்கியிருந்தாள், அதில் அவளுக்கு நல்ல கை. அலை நுரைக்குக் காஸ் துணியைப் பிய்த்துப் போட்டு, அதன்மேல் வெள்ளைச் சுகர் பீட்ஸ் என்கிற பொடி மணி. பசை பட்ட இடம் முழுக்கக் கருத்து, ஓலைப்பாய் மாதிரி விறைத்து நின்றது. ஓரத்தில் விபூதி பூசியது போல வெள்ளைப் படலம். அந்தப் பசையின் ஆவி படிந்து வருவது அது. குந்தன் கல், வெள்ளிப் பூச்சு உள்ள மணி இருந்தால் பளபளப்பே போய்விடும். துணியை லேசாக வளைத்தேன். நான்கு மணி படபடவென்று மேசையில் உதிர்ந்தது. துணி வளைகிற பொருள், இந்தப் பசை வளையாது. பிறகு எப்படிப் பிடிக்கும்?

ஆனால் அவளைத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஏன் பசைக்குப் போனாள் என்று கேட்டேன். "ஊசி இறங்கவே மாட்டேங்குது டீச்சர்." இதுதான் விஷயத்தின் வேர். மணி தைக்கச் சோம்பல்பட்டு யாரும் பசையை எடுப்பதில்லை. வேலையின் வரிசை தப்பிவிடுகிறது. முதலிலேயே பெயிண்டைத் தடிமனாகப் பூசி, மேடு வர டெக்ஸ்சர் பேஸ்டையும் அப்பிவிடுகிறார்கள். அது காய்ந்தால் பிளாஸ்டிக் தகடுதான். அதில் 12ஆம் நம்பர் மணி ஊசியைக் குத்தினால் ஊசி வளையும், இல்லையென்றால் ஒடிந்து விரலில் ஏறும். மணி போடுவதற்கான கட்டத்துக்கு வரும்போது பசையைத் தவிர வழியே இல்லை என்ற நிலை.

வரிசையை மாற்றுங்கள். முதல் பெயிண்ட் மெல்லியதாக இருக்கட்டும். அக்ரிலிக்கில் ஃபேப்ரிக் மீடியம் என்கிற, பெயிண்ட் விறைக்காமலிருக்கக் கலக்கும் திரவத்தைச் சேர்த்துப் பூசினால் துணி துணியாகவே இருக்கும், ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பின்பக்கம் இஸ்திரி போடுங்கள். அப்புறம் காஸ் துணி, சாக்கு நூல், ஜாக்கெட் பிட் எல்லாவற்றையும் அங்கங்கே சின்னத் தையலில் பிடித்துவிடுங்கள். அதன்பிறகு மணி. தடித்த பேஸ்ட், உலர் தூரிகையால் கொடுக்கிற கடைசி வெளிச்சம், இதெல்லாம் மணிக்குப் பிறகு, மணியைச் சுற்றி. மணிமேல் பேஸ்ட் கொஞ்சம் பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும், ஈரமாக இருக்கும்போதே ஊசி முனையால் எடுத்துவிடலாம். சில சமயம் பாதி புதைந்த மணிதான் அழகாக இருக்கும், கிளிஞ்சல் மணலில் கிடப்பது போல.

மணி தைக்கும்போது பாலியெஸ்டர் நூல் இரட்டையாக. மூன்று மணி கோத்துப் போட்டு, கடைசி மணிக்குள் ஊசியைத் திரும்பவும் விட்டு எடுங்கள். ஏழெட்டு மணிகளுக்கு ஒருமுறை பின்பக்கம் முடிச்சு. ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மொத்த வரிசையும் உதிராது. துணியின் பின்னால் ஒரு கேன்வாஸ் ஒட்டு கொடுத்திருந்தால் சுருக்கமும் விழாது. ஏற்கெனவே பேஸ்ட் அப்பிவிட்டீர்களா? குத்தூசியால் முதலில் ஓட்டை போட்டு, அதன் வழியே தையுங்கள். அடியில் ஒரு தெர்மாகோல் துண்டு வையுங்கள், உங்கள் இடது கை விரலை வைக்காதீர்கள்.

துளையில்லாத கல், கண்ணாடித் துண்டு என்றால் பசை வேண்டும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஃபேப்ரிக் குளூ போடுங்கள். பி-7000 மாதிரியான வளையும் பசையும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதன் வாடை தலையைக் கிறுகிறுக்க வைக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். இரண்டுமே காய ஒரு நாள் ஆகும். காத்திருங்கள். பத்து விநாடியில் முடிக்க வேண்டிய அவசரம் இந்த வேலையில் எங்கே இருக்கிறது?

அந்த உடனடிப் பசையை வேறு வேலைக்கு வீட்டில் வைத்திருப்பீர்கள். அப்போதும் சிலவற்றைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். மடியில் வைத்து ட்யூபைத் திறக்காதீர்கள், மேசையில் பிளாஸ்டிக் தாள் விரித்து அதன்மேல் திறவுங்கள். காட்டன் கையுறை வேண்டவே வேண்டாம். சிந்தினால் துணி, பஞ்சு, டிஷ்யூ எதையும் கொண்டு துடைக்காதீர்கள், டிஷ்யூவும் பருத்தியைப் போல உறிஞ்சுகிற பொருள்தான். மேசையில் சிந்தியது அப்படியே இறுகட்டும், பிறகு சுரண்டிக்கொள்ளலாம். புகை வருகிறதா என்று வீட்டில் சோதித்துப் பார்க்கிற ஆசையும் வேண்டாம்.

உடுத்திய துணியில் கொட்டிவிட்டால் யோசிக்காமல் தண்ணீர். குழாயடியோ வாளியோ, எது பக்கமோ அது. தோலில் ஒட்டாமல் இருந்தால் துணியைக் கழற்றுங்கள், ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், தோலோடு வரும். 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். இட்லி மாவு, டூத்பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் கிட்டே வரக் கூடாது. என் மாணவிக்கு அவள் மாமியார் டூத்பேஸ்ட் தடவியிருக்கிறார். நல்ல எண்ணம்தான், ஆனால் அதைக் கழுவி எடுக்க நர்ஸ் பட்ட பாடும், இவள் பட்ட வலியும் தேவையே இல்லாதது. கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். விரலோடு விரல் ஒட்டிக்கொண்டால் பதற வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, மெதுவாக உருட்டிப் பிரியுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் அது இளக்கும், ஆனால் வெந்த தோலிலோ முகத்திலோ வேண்டாம், விளக்கு எரிகிற இடத்தில் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

இன்னொன்று. என் வகுப்பில் வயதானவர்கள் நிறைய, பலருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கும். கண் சொட்டு மருந்தையும் இந்த ட்யூபையும் ஒரே தையல் டப்பாவில் போட்டு வைத்திருப்பதை நானே பார்த்து எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே அளவு, இரண்டுக்கும் குறுகிய மூக்கு. இருட்டில் கை மாறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இன்றைக்கே உங்கள் டப்பாவைத் திறந்து அதைப் பிரித்து வையுங்கள், மருந்து ஒரு அறையில், பசை வேறு அறையில். தப்பித் தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் 15 நிமிடம் சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே இருங்கள். இமை ஒட்டியிருந்தால் பிய்த்துத் திறக்காதீர்கள், ரிமூவர் ஊற்றாதீர்கள். ஈரத் துணியால் லேசாக மூடி, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அந்தப் பசை ட்யூபையும் கையோடு கொண்டுபோங்கள், மருத்துவர் பார்க்கட்டும்.