கருகிய கரோப் மரத்தை வெட்டாதீர்கள்

போன வாரம் சைப்ரஸில் லிமசோலுக்கு மேலே மலைக் கிராமம் ஒன்றில் தோட்டம் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் வேலை முடிந்திருந்தது. ஜூலையில் தீயில் கருகிய 11 கரோப் மரங்களை அடியோடு அறுத்து, தூரையும் பொக்லைன் வைத்துப் பிடுங்கி, பாதையோரம் குவித்திருந்தார்கள். ஒரு தூரைப் புரட்டிப் பார்த்தேன். கரிந்த பட்டைக்குக் கீழே, மண் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில், செம்பு நிறத்தில் விரல் நீளத் துளிர்கள் ஏழெட்டு இருந்தன. அப்போதுதான் வாடத் தொடங்கியிருந்தன.

அங்கே வேலை செய்த தம்பி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. “எல்லாம் எரிஞ்சு கரியாப் போச்சு அண்ணை, இனி இதை வச்சு என்ன செய்யிற எண்டு முதலாளி சொன்னவர்” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, சொன்னதைச் செய்தார். ஆனால் இந்த ஆண்டு நான் இப்படிப் பார்ப்பது இது நான்காவது தோட்டம். சைப்ரஸ் தோட்டங்களில் ரம்பத்தைக் கையில் பிடிப்பவர்களில் நம் ஆட்களும் இருப்பதால்தான் தமிழில் எழுதுகிறேன்.

கரோப் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இது பயறுக் குடும்பத்து மரம். எப்போதும் பச்சையாக, அடர்ந்த நிழலோடு நிற்கும். காய் புளியங்காயைவிட நீளமாக, தட்டையாக, கரும்பழுப்பாக இருக்கும். கடித்தால் வெல்லம்போல் இனிக்கும். ஐஸ்கிரீம் டப்பாவில் இ410 என்று போட்டிருக்கிறதே, அது இதன் விதையில் எடுக்கும் பசை. காயைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள். சைப்ரஸ்காரர்கள் இதைக் கறுப்புத் தங்கம் என்று சொன்ன காலம் உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கருகிய கரோப் செத்த கரோப் அல்ல. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இலை முழுக்கப் போகலாம், கிளை போகலாம், அடிமரமே கரிக்கட்டையாக நிற்கலாம். மரத்தின் உயிர் அங்கே இல்லை, மண்மட்டத்தில் தூரில் இருக்கிறது. தீ மேலே ஓடிப் போகும், மண்ணுக்குள் இருப்பது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அங்கிருந்து துளிர்க்கும். முதல் மழைக்குப் பிறகு துளிர்க்கும் மரமும் உண்டு, அடுத்த வசந்தம் வரை சும்மா கிடந்துவிட்டுத் துளிர்க்கும் மரமும் உண்டு. ‘மூணு மாசமா ஒண்ணும் வரல’ என்று என்னிடம் சொல்லாதீர்கள். மூன்று மாதம் இந்த மரத்துக்கு ஒரு கணக்கே இல்லை.

இந்தத் தவறான எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பைன் மரத்தைப் பார்த்து வருகிறது. சைப்ரஸ் மலைகளில் அதிகம் எரிவது பைன் காடு. அந்தப் பைன் முழுதாகக் கருகினால் முடிந்தது. திரும்பத் துளிர்க்காது, விதை விழுந்துதான் புதுக்கன்று வரவேண்டும். அதைக் கண்டு பழகிய கண், கரோபையும் அதே கணக்கில் போட்டுவிடுகிறது. கரோப், காட்டு ஒலிவ, லெந்திஸ்க் புதர் எல்லாம் தூரிலிருந்து எழுந்து வருகிறவை. 2021 ஜூலையில் லிமசோல் மாவட்டத்து அரகபாஸ் கிராமத்துப் பக்கம் பற்றிய தீ 50 சதுர கிலோமீட்டருக்கு மேல் எரித்தது. எகிப்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் 4 பேர் அதில் இறந்தார்கள். பிறகு அந்தச் சரிவுகளில் நடந்தபோது, சாம்பலுக்கு நடுவே முதலில் கண்ணில் பட்ட பச்சைகளில் கரோபும் ஒன்று.

அடுத்த வாதம்: ‘இது நட்ட மரம்தானே, காட்டு மரமா?’ காட்டு மரமும்தான். கிழக்கிலிருந்து மனிதர்கள் கொண்டுபோய்த்தான் இது மத்தியதரைக் கடல் முழுக்கப் பரவியது என்று வெகுகாலம் நம்பினார்கள். 2020-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, மேற்கிலும் கிழக்கிலும் இயற்கையாகவே தனித்தனிக் கூட்டங்கள் இருந்ததைக் காட்டியது. ஒலிவ, கரோப் காடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடப் பட்டியலில் 9320 என்று தனி எண்ணே கொடுத்திருக்கிறார்கள். கடலோரத்திலிருந்து ஏறும் வெப்பமான, கல் நிறைந்த அடிச்சரிவுகள்தான் இதன் இடம். கடுங்குளிர் தாங்காது, அதனால் உயரத்தில் பார்க்க முடியாது.

கோடை முடிந்து மற்றதெல்லாம் வாடிக் கிடக்கும் இலையுதிர் காலத்தில் இது பூக்கும். பலாவைப்போல முதிர்ந்த கிளையிலேயே, அடிமரத்திலேயேகூடப் பூ வரும். அந்த நேரத்தில் தேனீக்களுக்கு வேறு பூ அதிகம் கிடையாது. சைப்ரஸில் பழந்தின்னி வௌவாலும் உண்டு. அது தின்பதில் கரோப் காயும் ஒன்று.

‘அது ஆண் மரம், காய்க்காது, எரிந்தாலும் போகட்டும்’ என்றும் சொல்கிறார்கள். கரோபில் பெரும்பாலும் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் பூவின் வாடை மூக்கைச் சுளிக்க வைக்கும், அது உண்மை. ஆனால் மகரந்தம் எங்கிருந்து வரும்? பழைய விவசாயிகள் பெண் மரத்திலேயே ஒரு ஆண் கிளையை ஒட்டுக்கட்டி வைப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பேரப்பிள்ளைகளுக்கு மறந்துபோனது.

(தீயே படாத மரத்தில் அங்கங்கே ஒரு கிளை மட்டும் காய்ந்து சிவந்து நின்றால், முதலில் பட்டையைப் பாருங்கள். எலி கொறித்த தடம் இருக்கும். அதற்கும் மரத்தை வெட்டாதீர்கள்.)

எரிந்த தோட்டத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வழியில் விழுந்துவிடும்போல் தொங்கும் கிளையை மட்டும் வெட்டுங்கள். மற்றதைத் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் தரைக்குப் பக்கத்தில் கத்தியால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரமும் இளம்பச்சையும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்து தெரிந்தாலும் ஒரு வசந்தம் முழுக்கக் காத்திருங்கள். பொக்லைனைத் தோட்டத்துக்குள் விடவே விடாதீர்கள். சரிவில் மண்ணைத் தாங்கி நிற்கும் கல்லடுக்குச் சுவர்களைப் பிடித்துவைத்திருப்பது இந்த வேர்தான். தூரைப் பிடுங்கினால் சுவர் சரியும், மாரி மழையில் மண் கீழே போய்விடும். துளிர் வந்ததும் வேலி போடுங்கள். ஆடு முதலில் தேடி வருவது அந்தத் துளிரைத்தான். முதல் ஆண்டு வந்த துளிரையெல்லாம் விட்டுவைத்து, பிறகு வலுவான இரண்டு மூன்றை மட்டும் நிறுத்துங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. தோட்டத்துக் கரோப் அநேகமாக ஒட்டு மரம். தூரிலிருந்து வரும் துளிர் ஒட்டுக்குக் கீழிருந்து வருவது; அது நாட்டு ரகமாக இருக்கும், ஆணாகவும் இருக்கலாம். துளிர் தண்டு தடித்த பிறகு, நல்ல பெண் மரத்துக் குச்சி எடுத்து வசந்தத்தில் மறுபடி ஒட்டுக்கட்ட வேண்டும். அடியில் வயசான வேர் இருப்பதால், புதுக்கன்று நட்டுக் காத்திருப்பதைவிட இது சீக்கிரம் காய்க்கும். தயவுசெய்து அந்த வேரை வீணாக்காதீர்கள்.

அந்தத் தோட்டத்தின் கீழ்க்கோடியில், பொக்லைன் இறங்க முடியாத பாறையிடுக்கில், இன்னொரு மரம் மிச்சமிருக்கிறது. உரிமையாளரைப் போனில் பிடித்து அரைமணி நேரம் பேசினேன். “சரி, அது நிற்கட்டும்” என்றார். அன்று மாலையே நானும் அந்தத் தம்பியும் சுற்றிக் கம்பிவலை கட்டினோம். நேற்று தம்பி ஒரு படம் அனுப்பினார். வலைக்கு வெளியே நான்கு ஆடுகள், உள்ளே ஐந்து துளிர்கள்.