குவாக்கமோலே: தமிழில் எப்படிச் சொல்வது?

வெண்ணெய்ப்பழத்தை (அவகாடோ) இடித்துச் செய்யும் மெக்சிக்கோ தொடுகறி குவாக்கமோலே. அது அங்குள்ள நாவாட் மொழியில் பிறந்த சொல். 'ஆவாக்கத்' என்றால் வெண்ணெய்ப்பழம். 'மோல்லி' என்றால் அரைத்துச் செய்யும் சாறு, குழம்பு, துவையல் வகைகள். இரண்டும் சேர்ந்த 'ஆவாக்கமோல்லி' ஸ்பானியர் நாவில் குவாக்கமோலே ஆனது. பிரெஞ்சில் அந்தப் பழம் 'அவோக்கா'; வக்கீலுக்கும் அதே சொல்தான். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான எங்கள் ரெயூனியன் தீவில், பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழியில் அது 'ஸவோக்கா'. பிரெஞ்சுப் பன்மையில் முன்னால் ஒட்டிவரும் ஸகரம் அப்படியே பெயரோடு தங்கிவிட்டது.

தமிழில் பழத்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று வெண்ணெய்ப்பழம். இன்னொன்று, இலங்கை வழக்கான ஆனைக்கொய்யா. ஆங்கிலத்தில் இதை முதலைப்பேரி ('அலிகேட்டர் பேர்') என்றும் சொல்வார்கள். முதலையைக் குறிக்கும் அந்த 'அலிகேட்டர்' சிங்களத்தில் 'அலிகெட்ட பேர' ஆனது. அங்கே 'அலி' யானை, 'பேர' கொய்யா. ஆனைக்கொய்யா அந்த வழியில் வந்தது என்பதே என் எண்ணம். அழகான பெயர்தான். ஆனாலும் சதையின் குணத்தைச் சட்டென்று சொல்வதால் நான் வெண்ணெய்ப்பழத்தின் பக்கம்.

மோல்லிக்கு என்ன சொல்வது? ரெயூனியன் தமிழர் வீடுகளில் இதற்குப் பக்கத்து உறவு ஒன்று தலைமுறைகளாக இருக்கிறது: ஸவோக்கா ருகாய். 1848இல் இங்கே அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஆட்கள் பெருமளவில் வந்தார்கள். 'ருகாய்' நம் ஊறுகாயின் திரிபு என்பதே பரவலான கருத்து. ஆனால் பொருள் மாறிவிட்டது. தக்காளி, மாங்காய், வெண்ணெய்ப்பழம் என்று பச்சையாக இடித்து, சோற்றுக்கும் கறிக்கும் பக்கத்தில் வைக்கும் காரமான தொடுகறிதான் இங்கே ருகாய். (தொத்திறைச்சி போட்டுச் சமைப்பதையும் ருகாய் என்கிறார்கள், அது தனிக் கதை.) இது ஊறுவதே இல்லை, இடித்த கையோடு இலைக்கு வந்துவிடும். அதனால் குவாக்கமோலேயை ஊறுகாய் என்று தமிழாக்க முடியாது.

மசியல் என்றால் வேகவைத்துக் கடைந்த கீரை நினைவுக்கு வரும். பச்சடி என்றால் தயிர். துவையல்தான் சரி. துவைத்தல் என்றால் இடித்தல், அடித்தல். துணியைத் துவைப்பதும் அதே சொல்தான். மெக்சிக்கோவில் இதை எரிமலைக் கல்லில் குடைந்த மூன்றுகால் உரலில் இடிப்பார்கள். இங்கேயும் எரிமலைக் கல் உரல்தான். அந்த உரல், குழவி ஜோடியில் ஒன்றுக்கு 'கலூ' என்று பெயர். அதில் நம் 'கல்லு' எனக்குத் தெளிவாகவே கேட்கிறது. ஆகவே குவாக்கமோலே என்பது வெண்ணெய்ப்பழத் துவையல்.

ஞாயிற்றுக்கிழமை உறவெல்லாம் கூடிக் கடற்கரைக்குப் போகும்போது பத்துப் பேருக்கு நான்கு பெரிய பழம் போதும். காம்புப் பக்கம் விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். முதலில் வெங்காயம், பச்சை மிளகாய், கல்லுப்பு மூன்றையும் உரலில் இடியுங்கள். வெங்காயம் நீர் விட்டு, மிளகாய்க் காரம் உப்போடு கலந்து மூக்கில் ஏறும். அப்போதுதான் பழம் போட வேண்டும். முழுக்க நைத்துவிடாதீர்கள், பல்லில் கட்டி தட்டுப்படட்டும். பிறகு பொடியாக அரிந்த தக்காளி, கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு. இதுவே ருகாய் என்றால் இஞ்சியும் கொம்பாவா எலுமிச்சையின் தோல்துருவலும் சேரும். வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை மூன்றும் ஸ்பானியர் வந்தபின் மெக்சிக்கோ போனவை. மிளகாயும் தக்காளியும் அங்கிருந்து நமக்கு வந்தவை.

கொட்டையை நடுவில் வைத்தால் கறுக்காது என்பார்கள். கொட்டை மூடிய இடம் மட்டுமே தப்பும். வெட்டிய சதையிலுள்ள நொதி காற்றுப் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. எலுமிச்சைப் புளிப்பு அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. எனவே வீட்டிலேயே அரைத்து எடுத்துப் போகாதீர்கள். பழங்களை முழுசாகக் கொண்டுபோய், இலை போட்டபின் வெட்டுங்கள்.