சொல் விளக்கம்: ஃபயர்டாம்ப், பிளாக்டாம்ப், ஆஃப்டர்டாம்ப்

வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களின் வரலாற்றைச் சொல்லும் காட்சிக்கூடங்களில் ‘டாம்ப்’ என்று முடியும் சொற்கள் திரும்பத் திரும்ப வரும். இன்றைய ஆங்கிலத்தில் டாம்ப் என்றால் ஈரம். அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு ‘தீ ஈரம்’, ‘கறுப்பு ஈரம்’ என்று தமிழாக்கினால் பலகையில் உள்ள செய்தியே கெட்டுவிடும். சுரங்கத்து டாம்ப் என்பது நச்சு ஆவி, ஆளைக் கொல்லும் வளி.

சொல்லின் பழைய பொருளும் அதுதான். ஜெர்மனியின் வடபகுதியில் இடைக்காலத்தில் வழங்கிய பேச்சில் டாம்ப் என்றால் ஆவி; ஜெர்மனில் இன்றும் நீராவிக்கு ‘டாம்ப்ஃப்’ என்றே பெயர். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது தீங்கான ஆவியைக் குறித்தது. ஈரம் என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெளிவாகப் பதிவாகிறது. ஊரெல்லாம் பொருள் மாறிய பிறகும் சுரங்கத் தொழிலாளர் பழம்பொருளை விடவில்லை.

இவற்றில் முதன்மையானது ஃபயர்டாம்ப். பெரும்பகுதி மீத்தேன். நிலக்கரியின் நுண்துளைகளில் அடைபட்டிருக்கும் இது, கரியை வெட்டும்போது வெளியேறும். காற்றைவிட லேசானது, அதனால் சுரங்கக் கூரையிலும் கூரைப் பொந்துகளிலும் போய்த் தங்கும். காற்றில் ஏறக்குறைய 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் வெடிக்கும். 15-ஐத் தாண்டினால் ஆக்சிஜன் போதாமல் வெடிக்காது. ஆனால் அதைப் பாதுகாப்பு என்று எண்ணக் கூடாது. காற்றோட்டம் கொடுத்து வளியை விரட்டும்போது, அளவு குறைந்துகொண்டே வந்து வெடிக்கும் எல்லைக்குள் நுழைந்தே தீரும்.

தமிழில் இதற்குக் ‘கொள்ளிவளி’ பொருந்தும். சதுப்பு நிலத்தில் இரவில் தோன்றி மறையும் ஒளியைக் கொள்ளிவாய்ப் பேய் என்று நம் மக்கள் சொன்னார்கள். சதுப்பில் ஊறும் வளியும் மீத்தேன்தான். சொல்லுக்குள் உறவு ஏற்கெனவே இருக்கிறது. ‘எரிவாயு’ வேண்டாம். அது சமையலறை உருளையை நினைவூட்டும்.

கண்ணாடிப் பெட்டிகளில் வரிசையாக நிற்கும் காப்பு விளக்குகள் இந்த வளிக்காகப் பிறந்தவை. வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1815இல் செய்த விளக்கில் சுடரைச் சுற்றி ஒரு சதுர அங்குலத்துக்கு 784 கண்கள் கொண்ட கம்பிவலை இருந்தது. வலை வெப்பத்தை இழுத்துப் பரப்பிவிடுவதால் வெளியே உள்ள வளி பற்றும் சூட்டை எட்டாது. வலையில் ஒரு கம்பி அறுந்தாலோ துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோ காப்பு போயிற்று. காற்றோட்டம் வலுவாக இருந்தாலும் சுடர் வலையைத் தாண்டிவிடும். பின்வந்த விளக்குகளில் கண்ணாடி உறையும், இரட்டை வலையும், வலையை மூடும் தகட்டுக் கூடும் சேர்ந்தது அதனால்தான். தெற்கு வேல்ஸின் அபர்டேர் நகரில் செய்யப்பட்ட ‘கேம்ப்ரியன்’ விளக்குகளில் இவற்றைப் பார்க்கலாம்.

அதே விளக்கு அளவுமானியும் ஆயிற்று. திரியைத் தாழ்த்திச் சுடரைச் சிறிதாக்கி, விளக்கை மெல்லக் கூரைப் பக்கம் உயர்த்த வேண்டும். கொள்ளிவளி இருந்தால் சுடரின் தலையில் வெளிர்நீலத் தொப்பி ஒன்று எழும். வளி கூடக் கூடத் தொப்பி உயரும். தொப்பி தெரிந்ததும் விளக்கை மெதுவாகவே இறக்க வேண்டும். பதறி வெடுக்கென்று இழுத்தால் சுடர் வலைக்கு வெளியே பாயும் ஆபத்து உண்டு.

இந்தச் சோதனையைச் செய்த மேற்பார்வையாளருக்குத் தெற்கு வேல்ஸில் ‘ஃபயர்மேன்’ என்று பெயர். அக்கால ஆவணங்களில் வரும் ஃபயர்மேனைத் தீயணைப்பு வீரர் என்று எழுதுவது பிழை. ‘வளிச் சோதகர்’ என்க.

பிளாக்டாம்ப் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் சேர்ந்த, ஆக்சிஜன் வற்றிய காற்று. பழைய, கைவிட்ட வெட்டிடங்களில் தேங்கும். பெரும்பாலும் தரையோடு கிடக்கும். விளக்குச் சுடர் மங்கி அணைவதே எச்சரிக்கை. பெயரில் கறுப்பு இருந்தாலும் நிறமில்லாதது. ‘கருவளி’ என்றால் வாசகர் புகையை நினைப்பார். ‘மூச்சடைப்பு வளி’ சரி.

ஆஃப்டர்டாம்ப் வெடிப்புக்குப் பின் மிஞ்சுவது: கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன், எல்லாவற்றுக்கும் மேலாகக் கார்பன் மோனாக்சைடு. மோனாக்சைடைத் தனியே வொயிட்டாம்ப் என்றார்கள். அதிலும் வெள்ளை எதுவும் இல்லை. ரோந்தா பள்ளத்தாக்கில் டைலர்ஸ்டவுன் சுரங்கம் 1896இல் வெடித்து 57 பேர் மாண்டபோது, உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் உடல்களை ஆராய்ந்தார். பெரும்பாலோரைக் கொன்றது வெடிவிசை அன்று, இந்த நஞ்சு என்று காட்டினார். விளக்குச் சுடர் இதைக் காட்டிக்கொடுக்காது. மனிதனுக்கு முன்னே மயங்கிவிடும் கேனரிக் குருவிகளை மீட்புப் பணியாளர்கள் கூண்டில் கொண்டுபோனது ஹால்டேன் சொன்ன வழி.

1913 அக்டோபர் 14 அன்று தெற்கு வேல்ஸின் செங்கெனித் ஊரிலிருந்த யுனிவர்சல் சுரங்கத்தில் கொள்ளிவளி பற்றியது. எழும்பிய கரித்தூள் தீயைச் சுரங்கமெங்கும் கொண்டுபோயிற்று. 439 தொழிலாளரும் மீட்புப் பணியாளர் ஒருவரும் இறந்தார்கள். பிரித்தானியச் சுரங்க விபத்துகளில் இதைவிடப் பெரியது இல்லை. அந்த நினைவகத்துப் பலகையில் ஆஃப்டர்டாம்ப் என்று வரும் இடத்தை ‘வெடித்த பின் எழுந்த நச்சுவளி’ என்று முதல்முறை விரித்தெழுதி, பிறகு ‘பின்வளி’ என்று சுருக்கலாம். எத்தனையோ குடும்பங்களைக் குலைத்த ஒன்றைப் புரியாத சொல்லுக்குள் ஒளிக்கலாகாது.

வேல்ஸ் மொழி பேசிய தொழிலாளர் வெடிப்பைத் ‘தன்ஹ்வா’ என்றார்கள். ‘தான்’ தீ, ‘ஹ்வா’ வீசும் காற்று. தமக்குத் தெரிந்த இரண்டு எளிய சொற்களைச் சேர்த்தார்கள். நாமும் அவ்வாறே செய்வது தகும். நெய்வேலியில் திறந்தவெளியில் பழுப்பு நிலக்கரி வெட்டுவதால், ஆழ்சுரங்க வளிகளுக்குத் தமிழில் தொழிற்சொல் தானாக விளைய வாய்ப்பு அமையவில்லை. ஹைட்ரஜன் சல்பைடைச் சுட்டும் ஸ்டிங்க்டாம்புக்கு ‘முடைவளி’ போதும். அழுகிய முட்டை நாற்றம் அது.

தெற்கு வேல்ஸின் பிளேனாவனில் உள்ள பிக் பிட் தேசிய நிலக்கரி அருங்காட்சியகத்தில் 90 மீட்டர் ஆழம் இறங்குமுன் தீப்பெட்டி, கைப்பேசி, மின்கலக் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் மேலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அது கொள்ளிவளிக்காக. தலைக்கவசம், விளக்கோடு இடுப்பில் கட்டித்தரும் தற்காப்பு மூச்சுக்கருவி பின்வளிக்காக. இறங்கும் தமிழ்ப் பயணிக்கு வழிகாட்டி எழுதுவோர் இந்த இரண்டு சொற்களையாவது அந்த வரியிலேயே சேர்த்துவிட வேண்டும்.