நிவாரணம்: சொல்லின் வேரும், கடல் கடந்து போகும் உதவியின் கணக்கும்

நிவாரணம் (பெயர்ச்சொல்): இடரில் சிக்கியவரின் உயிரையும் உடலையும் காக்க உடனடியாகத் தரப்படும் உணவு, நீர், உறைவிடம், மருத்துவம், பணம். தமிழ் நிகர்: இடர்களைவு, துயர்துடைப்பு.

இது வடமொழிச் சொல். மறைத்தல், தடுத்தல் என்னும் பொருளுடைய 'வ்ரு' என்ற வேரோடு 'நி' என்னும் முன்னொட்டு சேர்ந்து பிறந்தது. மூடும் திரையைக் குறிக்கும் 'ஆவரணம்' இதே வேரிலிருந்து வந்த உறவுச் சொல். எனவே நிவாரணத்தின் முதற்பொருள் 'வரவிடாமல் தடுப்பது'. 'நிவர்த்தி' என்பதை இதன் இன்னொரு வடிவமாகப் பலர் எண்ணுகிறார்கள். அது திரும்புதல் என்னும் பொருளுடைய 'வ்ருத்' வேரிலிருந்து வந்தது, வேறு சொல்.

தமிழில் இச்சொல் தடுப்பைக் கைவிட்டு, துன்பம் வந்தபின் செய்யும் உதவிக்கு மாறிவிட்டது. வெள்ள நிவாரணம், நிவாரண முகாம், முதலமைச்சரின் பொது நிவாரண நிதி என எல்லாமே வந்தபின் செய்பவை. 'வலி நிவாரணி' என்ற வழக்கும் அப்படித்தான். இந்தியில் நிவாரண் என்றால் குறைதீர்ப்பு. வெள்ளத்துக்குத் தருவதை அவர்கள் 'ராஹத்' என்பார்கள். மலையாளத்தில் துரிதாசுவாசம், கன்னடத்தில் பரிஹார, சிங்களத்தில் சஹன. இந்தப் பொருளுக்கு அண்டை மொழிகள் வேறு சொற்களைத் தேட, தமிழ் நிவாரணத்தை எடுத்துக்கொண்டது.

தமிழ் நிகரைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. திருநெடுங்களத்தில் சம்பந்தர் பாடிய பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு 'இடர்களையாய் நெடுங்களம் மேயவனே' என்று முடிகிறது. ஏழாம் நூற்றாண்டிலேயே இடரோடு சேரும் வினை 'களைதல்' என்று நிலைபெற்றிருக்கிறது. 'இடுக்கண் களைவதாம் நட்பு' என்ற குறளும் (788) அதே வினையைத்தான் ஆள்கிறது. உடை நழுவியவன் கை தானாக விரைவதுபோல உதவி விரைய வேண்டும் என்பது அதன் கருத்து. விரைவு என்ற பண்பு இச்சொல்லுக்குள்ளேயே இருப்பதால் 'இடர்களைவு' என்பதையே முதல் நிகராகப் பரிந்துரைக்கிறோம். பேரிடர் மேலாண்மை என்ற அரசு வழக்கோடும் அது இயல்பாகப் பொருந்துகிறது. இலங்கையில் பேரிடரை 'அனர்த்தம்' என்கிறார்கள்; அங்கும் 'இடர்' புரியாத சொல் அல்ல. துயர்துடைப்பு நல்ல சொல்தான், ஆனால் ஆறுதல் என்ற பொருள் அதில் சற்று மேலோங்கி நிற்கிறது.

அடுத்து இச்சொல்லின் எல்லை. இழப்பீடு என்பது ஒருவர் தவற்றால் மற்றவர் இழந்ததற்குச் சட்டப்படி சேர வேண்டியது. இடர்களைவுக்கு யார் தவறு என்ற கேள்வியே கிடையாது, தேவை மட்டும்தான் அளவுகோல். நாளிதழ்கள் இரண்டையும் 'நிவாரணத் தொகை' என்றே எழுதுவதால், உரிமையாகக் கேட்க வேண்டியதும் அரசின் கருணைபோலத் தோன்றிவிடுகிறது. மறுவாழ்வு, இலங்கை வழக்கில் புனர்வாழ்வு, மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் நடப்பது. வளர்ச்சி உதவி என்பது பள்ளி, சாலை, தடுப்பூசி போன்ற நெடுங்காலப் பணி. கடனுதவி திருப்பித் தர வேண்டியது.

'வறியார்க்கொன்று ஈவதே ஈகை' என்ற குறள் (221) மற்றதையெல்லாம் 'குறியெதிர்ப்பை' என்கிறது. அளவு குறித்து வாங்கி அதே அளவில் திருப்பித் தரும் கைமாற்றுக்கு அது பெயர். நிபந்தனையோடு வரும் வெளிநாட்டு உதவியைக் குறிக்க இதைவிடத் துல்லியமான சொல் எந்த அகராதியிலும் கிடைக்காது.

இந்த எல்லைகள் கலைவதால்தான் ஒரு பழைய வாதம் தீராமல் நிற்கிறது. 'நம் வீட்டு ஏழை பசித்திருக்கையில் வெளிநாட்டு வெள்ளத்துக்கு ஏன் பணம்?' என்ற கேள்வி ஒவ்வொரு பேரிடரின்போதும் பணக்கார நாடுகளில் எழுகிறது. அந்த வறுமை பொய்யல்ல. அமெரிக்காவின் அலுவல்முறை வறுமைக் கோட்டுக்குக் கீழே 2023-இல் 3 கோடியே 68 லட்சம் பேர் இருந்தார்கள். மக்கள்தொகையில் அது 11.1 விழுக்காடு. பிரிட்டனில் டிரஸ்ஸல் அமைப்பின் உணவு வங்கிகள் 2023–24-இல் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட உணவுப் பொட்டலங்களை வழங்கின. அந்த மக்களின் கோபத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அவர்களுக்குச் சேர வேண்டிய பணம் வெளிநாட்டு இடர்களைவில் போய்விட்டது என்பது கணக்குக்கு நிற்கவில்லை.

அமெரிக்க நடுவண் அரசின் செலவில் வெளிநாட்டு உதவி முழுவதும் சேர்த்து 2023-இல் சுமார் 1 விழுக்காடுதான். மக்களிடம் கேட்டால் நான்கில் ஒரு பங்கு இருக்கும் என்கிறார்கள்; கருத்துக் கணிப்புகளில் மீண்டும் மீண்டும் வருகிற பதில் இது. அந்த 1 விழுக்காட்டிலும் பேரிடருக்குப் போவது ஒரு பகுதிதான். பணக்கார நாடுகள் தங்கள் மொத்தத் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை வளர்ச்சி உதவியாகத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970 அக்டோபர் 24-இல் தீர்மானம் போட்டது. அரை நூற்றாண்டு கடந்து 2023-இல் அந்த அளவைத் தொட்டவை நார்வே, லக்சம்பர்க், சுவீடன், ஜெர்மனி, டென்மார்க் என்ற ஐந்தே கொடை நாடுகள். கொடை நாடுகளின் சராசரி 0.37 விழுக்காடு. நூறு ரூபாய் வருமானத்தில் 37 காசு.

அந்த 37 காசும் முழுதாக வெளியே போவதில்லை. வளர்ச்சி உதவியைக் கணக்கிடும் ஓஇசிடி (பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பு) விதிப்படி, அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு முதல் 12 மாதங்களில் தன் நாட்டுக்குள்ளேயே செய்யும் செலவையும் ஓர் அரசு உதவிக் கணக்கில் சேர்க்கலாம். 2023-இல் பிரிட்டன் அப்படிச் சேர்த்தது சுமார் 430 கோடி பவுண்டு, மொத்த உதவியில் ஏறக்குறைய 28 விழுக்காடு. அதில் பெரும்பகுதி பிரிட்டனிலேயே தங்குமிடக் கட்டணமாகச் செலவானது. அடைக்கலம் தருவது தேவையான அறம்தான். ஆனால் அதை 'வெளிநாட்டு உதவி' என்று எழுதினால் படிப்பவர் பணம் கடல் கடந்ததாகவே நம்புவார்.

உள்நாட்டு வறுமை எதனால் குறைகிறது, எதனால் கூடுகிறது என்பதற்கும் தெளிவான சான்று உண்டு. 2021-இல் அமெரிக்கா குழந்தைகளுக்கான வரிச்சலுகையை விரிவாக்கி, பெற்றோர் கையில் மாதாமாதம் பணம் சேர வழி செய்தது. அரசு உதவிகளையும் கணக்கில் எடுக்கும் துணை அளவீட்டின்படி குழந்தை வறுமை 5.2 விழுக்காட்டுக்கு இறங்கியது. அந்தச் சட்டம் காலாவதியாக விடப்பட்டது, 2022-இல் 12.4 விழுக்காடாக ஏறியது. இதில் வெளிநாட்டு உதவிக்கு எந்தப் பங்கும் இல்லை. மாறியது உள்நாட்டுச் சட்டம் ஒன்று. பிரிட்டன் தன் உதவியை 2021-இல் 0.7-லிருந்து 0.5 விழுக்காடாகக் குறைத்தது, 2027-இல் 0.3 ஆக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. இரண்டாவது வெட்டில் மிச்சமாகும் பணம் பாதுகாப்புத் துறைக்கு என்று அரசே சொன்னது. உள்நாட்டு ஏழையின் பெயரைச் சொல்லி வெட்டப்படும் பணம் அந்த ஏழையின் வீட்டுக்குப் போவதில்லை. அவரையும் பேரிடரில் சிக்கியவரையும் எதிரெதிரே நிறுத்துவது இருவருக்கும் செய்யும் அநீதி.

ஆகவே கொடுக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. கடினமான பகுதி எப்படிக் கொடுப்பது என்பதுதான். அதில்தான் தவறுகள் குவிகின்றன.

களப்பணியாளர்கள் பின்பற்றும் ஸ்ஃபியர் தரநிலைகள் அடிப்படைத் தேவையை இப்படி வரையறுக்கின்றன: ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர், 2,100 கிலோகலோரி உணவு, தங்க 3.5 சதுர மீட்டர் கூரையிட்ட இடம். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் போகாமல், 500 மீட்டருக்குள் நீர். முதல் சில நாட்களில் கழிப்பறைக் கணக்கு 50 பேருக்கு ஒன்று என்று தளரலாம். நீரும் கழிப்பறையும் பிந்தினால் பேரிடரில் பிழைத்தவர்கள் வயிற்றுப்போக்கில் சாகிறார்கள். பழைய துணி இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் கடற்கரைச் சாலைகளில் யாரும் தொடாத பழந்துணி மலையாகக் கிடந்தது. இந்தோனேசியாவின் ஆச்சேயில், இருபது லட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு 4,000 டன் மருந்து வந்து இறங்கியது. பாதிக்கு மேல் அந்நாட்டு மருந்துப் பட்டியலில் இல்லாதவை, பலவற்றின் மேலுறையை உள்ளூர் மருத்துவர்களால் படிக்கவே முடியவில்லை. மருந்து வந்து சேரும் நாளில் குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதமிருக்க வேண்டும், மேலுறை அங்குள்ள மருத்துவப் பணியாளருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே வழிகாட்டியிருந்தது.

உணவைக் கப்பலில் அனுப்புவதிலும் இதே சிக்கல். அமெரிக்க உணவு உதவியில் பெரும்பகுதி அங்கே விளைந்த தானியமாக இருக்க வேண்டும், குறைந்தது பாதி அமெரிக்கக் கொடி தாங்கிய கப்பலில் போக வேண்டும் என்ற விதிகள் பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருந்தன. கொள்முதல், சரக்கேற்றல், கடல் வழி எல்லாம் சேர்ந்து மாதங்கள் ஓடிவிடும். சரக்கு வந்து சேரும்போது உள்ளூர் அறுவடையும் வந்திருந்தால் விலை விழுந்து அங்குள்ள உழவர் கெடுவார். இதுதான் குறியெதிர்ப்பை: பசித்தவர் பெயரில் கொடுப்பவரின் விவசாயிக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் பங்கு.

கடைகள் திறந்திருந்து, அடுத்த ஊரிலிருந்து சரக்கு வர வழியிருந்தால் பணம்தான் சிறந்த இடர்களைவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் தமிழ்நாடு அரசு ரேஷன் கடைகள் வழியாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது இந்த முறைதான். அரிசி வேண்டுபவர் அரிசியும், அடுப்பு போனவர் அடுப்பும் வாங்கிக்கொள்ளலாம். பாலம் உடைந்து, சந்தை மூடிக் கிடக்கும் இடத்தில் பணம் பயன்படாது. விலையை மட்டும் ஏற்றிவிடும். அங்கே பொருள்தான் போக வேண்டும்.

இன்னொரு பிழை, உதவி தேவையைப் பின்தொடராமல் தொலைக்காட்சிப் படத்தைப் பின்தொடர்வது. ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்டவர் ஒருவருக்குச் சராசரியாக 7,100 டாலர் திரண்டது. அதே 2004-இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குச் செலவானது தலைக்கு 3 டாலர். கேமரா வந்து சேரும் வரை காத்திராமல் பணம் விடுவிக்க ஐ.நா. 2006-இல் மைய அவசர நிதியத்தைத் தொடங்கியதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

கொடுப்பவர் என்றும் கொடுப்பவராகவே இருப்பார் என்ற நினைப்பையும் விட வேண்டும். 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்சை மூழ்கடித்தபோது வங்கதேசம் 10 லட்சம் டாலரும், இந்தியா 50 லட்சம் டாலரும் அளிக்க முன்வந்தன. ஆழிப்பேரலையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்து ஓராண்டுகூட ஆகாத இலங்கை 25,000 டாலர் கொடுத்தது. இந்த நாடுகளில் வறுமை தீர்ந்துவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை. வாங்குவதற்கான ஏற்பாடு அமெரிக்காவிடம் இல்லாததால் வந்ததில் ஒரு பகுதி வீணானது. பிரிட்டன் அனுப்பிய உணவுப் பொதிகள் மாட்டிறைச்சி இறக்குமதி விதியில் சிக்கி ஆர்கன்சாஸ் கிடங்கில் முடங்கின. பெறும் நாட்டின் சுங்க விதி, மருந்து விதி, வந்திறங்கும் சரக்குக்கு யார் பொறுப்பு என்ற ஏற்பாடு, இவை இடருக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நிவாரணத்தின் பழைய பொருளான 'தடுத்தல்' செயலில் எப்படி இருக்கும் என்பதற்கு வங்கதேசத்தைத்தான் பார்க்க வேண்டும். 1970 போலா புயலில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1972-இல் செஞ்சிலுவை அமைப்புகளின் துணையோடு புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கியது. ஊர்த் தன்னார்வலர்கள் எச்சரிக்கையின் கடுமைக்கேற்ப ஒன்று, இரண்டு, மூன்று கொடிகளை ஏற்றுவார்கள். ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போவார்கள். வெளிநாட்டு உதவியும் சேர்ந்து எழுப்பிய கான்கிரீட் புகலிடங்கள் மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்கள். 1991 புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். புகலிடங்கள் அப்போது மிகக் குறைவு. 2007-இல் வந்த சிதர் புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400. அதுவும் பெரிய எண்தான். ஆனால் முந்தைய எண்களின் பக்கத்தில் வைத்தால் பள்ளிக்கூடமாகவும் இருக்கும் ஒரு கட்டடத்துக்கு அந்நிய நாட்டு வரிப்பணம் போனதன் மதிப்பு தெரியும். இதற்குக் கொடுக்க எளிதில் ஆள் கிடைப்பதில்லை, ஏனெனில் நடக்காமல் போன சாவைப் படமெடுக்க முடியாது. இந்தப் பணியை 'இடர்தடுப்பு' என்று தனியாகப் பெயரிட்டு, தனி வரியாக நிதிநிலை அறிக்கையில் காட்ட வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்களுக்கும் செய்தி எழுதுபவர்களுக்கும்: அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1-இல் தனி அமைப்பாக இயங்குவது நின்று வெளியுறவுத் துறைக்குள் சேர்ந்தபோது, 'வெளிநாடுகளுக்கு நிவாரணம் நிறுத்தம்' என்று எழுதினால் போதாது. வெட்டப்பட்டவற்றில் எச்.ஐ.வி. மருந்து, தாய்சேய் நலம் போன்ற வளர்ச்சி உதவியும் உண்டு, பஞ்சப் பகுதிக்கான உணவு போன்ற இடர்களைவும் உண்டு. இரண்டின் விளைவும் வெவ்வேறு வேகத்தில் வரும். ஓர் அரசு 'உதவி' என்று அறிவித்தால் அது நன்கொடையா, கடனா, உறுதிமொழியா, கைக்கு வந்த பணமா என்று பார்த்து அதற்குரிய சொல்லை இடுங்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலைக்கு அமெரிக்கா முதலில் அறிவித்தது 1.5 கோடி டாலர், பின்பு 3.5 கோடி, வருடம் முடிவதற்குள் 35 கோடி. மூன்றுமே அறிவிப்புகள். அவற்றை 'வழங்கியது' என்று எழுதுவது பிழை. 'அளிப்பதாக அறிவித்தது' என்பதே சரி.