சர்ரியலிசத்தை 'அடிமன வெளிப்பாட்டியம்' எனலாமா?

ஓவியம் கற்கும் மாணவர்களுக்காகத் தமிழில் எழுதப்பட்ட பாடக்குறிப்பு ஒன்றை அண்மையில் படிக்க நேர்ந்தது. ஸ்பானிய ஓவியர் சால்வதோர் தாலியின் 'நினைவின் நிலைபேறு' என்னும் ஓவியத்தைக் காட்சி வடிவமைப்பின் நெறிகளைக் கொண்டு பகுத்தாய்வது எவ்வாறு என்பதே அதன் பொருள். நல்ல நோக்கம்தான். ஆனால் சர்ரியலிசம் என்னும் கலைநெறிக்கு 'அடிமன வெளிப்பாட்டியம்' என்று பெயர் கொண்டு, 'இது ஓர் அடிமன வெளிப்பாட்டிய ஓவியம்' என்று முதல் வரியிலேயே தொடங்கிவிட்டதால், அடுத்த இரண்டு பக்கங்களும் ஓவியரின் உள்ளத்தில் ஒளிந்திருக்கும் அச்சங்களையும் ஏக்கங்களையும் தேடுவதிலேயே கழிந்துவிடுகின்றன. கோடு, வண்ணம், சமநிலை, அளவு என்று தலைப்பில் வாக்களிக்கப்பட்டவை கடைசிப் பத்தியில் நான்கு வரிகளாகச் சுருங்கிவிட்டன. இந்தச் சொல் ஆய்வைத் தடம் மாற்றுவதை நான் காண்பது இது முதன்முறை அன்று. ஆகவே சொல்லையே எடுத்துப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

மூலச்சொல்லின் வரலாறு நீளமானதன்று. பிரெஞ்சு மொழியில் 'சுர்' என்பது மேல், மேற்பட்ட என்னும் பொருள் தரும் முன்னொட்டு. 'ரெயாலிஸ்ம்' என்பது மெய்மையைத் தழுவிய கலைநெறி. இரண்டையும் இணைத்து 1917இல் இச்சொல்லை ஆக்கியவர் கியோம் அப்போலினேர் என்னும் கவிஞர். இயற்கைக்கு மேற்பட்டதைக் குறிக்கும் 'சுர்நாத்துராலிஸ்ம்' என்ற சொல்லையே அவர் முதலில் கையாண்டார். அது மெய்யியலாரிடம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால் அதை விடுத்துப் புதியதை எடுத்துக்கொண்டார். 1924இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே பிரெத்தோன், இக்கலை இயக்கத்துக்கென வெளியிட்ட தமது அறிக்கையில் அச்சொல்லுக்கு அகராதிப் பதிவைப் போலவே ஒரு வரையறையை எழுதினார். ஆங்கிலத்தின் வழியாக அது நம்மிடம் 'சர்ரியலிசம்' என வந்து சேர்ந்தது. வேர் பற்றி இவ்வளவு போதும்.

'அடிமன வெளிப்பாட்டியம்' எங்கிருந்து முளைத்தது என்று ஊகிப்பதும் கடினமன்று. பிரெத்தோனின் வரையறை, அறிவின் கட்டுப்பாடின்றி, அழகியல், அறவியல் கவலைகள் எவையுமின்றி எண்ணம் தானே இயங்குவதைப் பற்றிப் பேசுகிறது. அவர் உளப்பகுப்பாய்வை நிறுவிய பிராய்டைப் படித்து ஈர்க்கப்பட்டவரும்கூட. சொல்லைப் பெயர்க்க வேண்டியவர் வரையறையைப் பெயர்த்துவிட்டார். அதுவும் அந்த அறிக்கையின் பாதியைத்தான் பெயர்த்தார். கனவும் மெய்ந்நிலையும் தம்முள் முரணுவதை விட்டு ஒருங்கே கரைந்து, இரண்டுக்கும் மேலான ஒரு மெய்மை பிறக்கும் என்று பிரெத்தோன் அதே அறிக்கையில் சொன்னதை அவர் எங்கே விட்டார் என்று தெரியவில்லை. மெய்மைக்கு 'மேல்' என்பதுதான் அங்கும் பேச்சு. மனத்துக்கு 'அடி' என்பதன்று. மூலச்சொல் மேலே கைகாட்ட, நம் சொல் கீழே கைகாட்டுகிறது.

முதற்குறை, 'வெளிப்பாட்டியம்' என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமனியில் வலுப்பெற்ற எக்ஸ்பிரஷனிசத்தைத் தமிழில் அவ்வாறுதான் அழைக்கிறோம். உணர்ச்சியின் அழுத்தத்தால் வடிவம் கோணும், வண்ணம் இயல்பை மீறும், தூரிகையின் வீச்சு திரையில் அப்படியே தெரியும் என்பன அந்நெறியின் அடையாளங்கள். 'அடிமன வெளிப்பாட்டியம்' என்று கேட்கும் மாணவர், அது வெளிப்பாட்டியத்தின் ஓர் உட்பிரிவு போலும் என்றே எண்ணுவார். அவ்வாறு எண்ணுவதில் அவர் பிழை எதுவும் இல்லை, தமிழ்ச் சொற்கூட்டு அப்படித்தான் பொருள் தரும். ஆனால் தாலியின் திரையில் தூரிகையின் தடத்தைத் தேடினாலும் எளிதில் கிடைக்காது. இரு நெறிகளும் நடைமுறையில் ஏறத்தாழ எதிர்த்திசையில் நிற்க, பெயரளவில் அவற்றைத் தாயும் பிள்ளையும் ஆக்கியாயிற்று. அப்போலினேர் ஒரு சொல் வேறெங்கே பணியில் இருக்கிறது என்று பார்த்தபின் தம் சொல்லைத் தேர்ந்தார் என்பதை இங்கே நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது: இச்சொல் ஓவியத்தைக் குறிக்கவில்லை, ஓவியம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றிய ஒரு கருத்தைக் குறிக்கிறது. அந்தக் கருத்து, சர்ரியலிச ஓவியர்களுள் ஆந்த்ரே மாசோன் 1920களில் கையைத் தன்போக்கில் ஓடவிட்டு வரைந்த கோட்டுருவங்களுக்குப் பொருந்தும். மரப்பலகையின் மேல் தாளை வைத்துத் தேய்த்து, தற்செயலாக எழும் வரிகளிலிருந்து உருவங்களைக் கண்டெடுத்த மாக்ஸ் எர்ன்ஸ்டுக்கும் ஓரளவு பொருந்தும். அதே இயக்கத்தின் ஓவியர் ரெனே மக்ரித்துக்கு அது எவ்வாறு பொருந்தும்? தம் ஓவியங்களை உளப்பகுப்பாய்வின் கண்கொண்டு படிப்பதை அவர் ஏற்கவே இல்லை. தாலியையே எடுத்துக்கொண்டாலும், 1938இல் இலண்டனில் அவரைச் சந்தித்த பிராய்டு, அதன்பின் எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக்குக்கு எழுதிய கடிதத்தில், சர்ரியலிச ஓவியர்களை அறிவிலிகள் என்று கருதிவந்த தம் எண்ணத்தை அந்த இளைஞரின் கண்களும் மறுக்கவியலாத கைத்திறனும் மாற்றிவிட்டன என்று குறிப்பிட்டார். அடிமனத்தைப் பற்றிப் பேச உலகில் யாருக்கேனும் உரிமை உண்டென்றால் அவருக்குத்தான் உண்டு; அவரே கைத்திறனைக் கண்டு வியந்திருக்க, நம் பாடக்குறிப்பு அதைக் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிடுகிறது.

அந்தக் கைத்திறனைச் சற்றே நெருங்கிப் பார்த்தால் சொல்லின் பொருத்தமின்மை தெளிவாகும். 1931இல் தீட்டப்பட்டு, இப்போது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் 'நினைவின் நிலைபேறு' 24 செ.மீ. உயரமும் 33 செ.மீ. அகலமும் கொண்டது, எழுதும் தாளைவிடச் சிறிதே பெரியது. அச்சுப் படிகளில் மட்டும் பார்த்துச் சுவரளவு என்று எண்ணியிருப்பவர்கள் முதலில் வியப்பது இதற்குத்தான். இடப்புறம் கனத்த கட்டை ஒன்று. அதன்மேல் பட்ட மரம். மரத்தின் கிளையில் ஒரு கடிகாரம் துணிபோலத் தொங்குகிறது. கட்டையின் விளிம்பில் மற்றொன்று வழிகிறது. நடுவே தரையில் கிடக்கும் வெளிறிய முகம் போன்ற உருவத்தின்மேல் மூன்றாவது கடிகாரம் சேணம் போலப் படிந்திருக்கிறது. நான்காவது மட்டும் மூடியபடி, விறைப்பாக, செம்மஞ்சள் நிறத்தில் இடப்பக்க மூலையில் இருக்கிறது. அதன்மேல் எறும்புகள் மொய்க்கின்றன. பின்னணியில் கடல், வலப்பக்க மேற்புறத்தில் பொன்னொளி படிந்த பாறைகள்.

இதில் வடிவமைப்பின் நெறிகள் எவையும் கைவிடப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டையின் விளிம்புக் கோடுகள் தொலைவை நோக்கி ஒழுங்காகச் சரிகின்றன. பாறைகள் தொலைவுக்கேற்பச் சிறுத்திருக்கின்றன. தொடுவானின் கிடைக்கோடும் மரத்தின் நிமிர்கோடும் திரையைத் தாங்கி நிற்பதால்தான் கடிகாரங்களின் வளைகோடுகள் அவ்வளவு தளர்வாகத் தோன்றுகின்றன. இடப்பக்கத்தின் முழுக் கனத்தையும், வலப்பக்கத்தின் வெறுமையும் அச்சிறு பாறைகளின் ஒளியும் ஈடுசெய்கின்றன. ஒரே வடிவம் மூன்று முறை வளைந்து வந்து நான்காம் முறை வளையாமல் நிற்பது, பாட்டில் ஒரு சீர் மாறி விழுந்தாற்போல, கண்ணை அந்த எறும்புகளிடம் இழுத்துச் செல்கிறது. நிழல் விழ வேண்டிய இடத்தில் விழுகிறது. பரப்பு வழுவழுப்பாக இருக்கிறது. மெய்மை ஓவியத்தின் விதிகள் அனைத்தும் காக்கப்பட்டு, மாழை (உலோகம்) கடினமானது என்னும் ஒரே ஒரு விதி தளர்த்தப்பட்டிருக்கிறது. மற்றவை காக்கப்படாமல் இருந்திருந்தால் இந்தத் தளர்வு நம் கண்ணில் பட்டிருக்கவே செய்யாது.

மக்ரித் 1938இல் தீட்டிய ஓவியத்தில் கணப்படுப்பின் உள்ளிருந்து தொடர்வண்டியின் நீராவி இழுபொறி ஒன்று வெளிவருகிறது. அங்கும் விதி மீறப்படுவது அளவில்தான். புகை, அடுப்புப் புகை போக வேண்டிய வழியிலேயே, புகைபோக்கிக்குள் ஒழுக்கமாக ஏறிச் செல்கிறது. இத்தகைய ஓவியத்துக்கு வைக்கும் பெயரில் 'மெய்மை' என்னும் சொல் இல்லாமற்போனால், ஓவியத்தின் அடித்தளமே பெயரிலிருந்து போய்விடுகிறது. அப்போலினேர் தம் சொல்லை விளக்கத் தந்த உவமையும் இதையே உணர்த்துகிறது: நடையைப் போலச் செய்ய விரும்பிய மனிதன் காலைப் போல இல்லாத சக்கரத்தைப் படைத்தான் என்றார் அவர். சக்கரம் கனவன்று, அடிமனத்தின் கசிவுமன்று. நடையைத் தெளிவாக அறிந்தவன் நடைக்கு மேற்சென்று செய்த பொருள்.

ஆகவே 'மீமெய்மை' என்பதே நான் பரிந்துரைக்கும் சொல். இது என் கண்டுபிடிப்பன்று. இதன் உறவுச் சொற்கள் சில ஏற்கெனவே ஆங்காங்கே வழங்குகின்றன. 'மீ' என்பது மேல் என்னும் பொருளில் நம்மிடம் பழையது. திருக்குறள் 386இல் உலகம் மன்னனை 'மீக்கூறும்', அதாவது மேலாக உயர்த்திச் சொல்லும். புறநானூற்றின் 30ஆம் பாடலில், கப்பலின் மேலே விரித்த பாய் 'மீப்பாய்' எனப்படுகிறது. மீப்பாய் காற்றில் எவ்வளவு புடைத்தாலும் கப்பலோடு கட்டப்பட்டே இருப்பதுபோல, மீமெய்மையும் மெய்மையோடு கட்டப்பட்டது என்று கொள்ளலாம். இயக்கத்தைக் குறிக்கையில் 'மீமெய்மையியம்' என்று நீட்டலாம். ஓவியத்தைப் பற்றிப் பேச 'மீமெய்மை ஓவியம்' என்பதே போதும். சிலர் எழுதும் 'மீமெய்யியல்' வேண்டா. 'மெய்யியல்' தத்துவத்துக்கு உரிய பெயர் ஆகிவிட்டபடியால், அது ஏதோ தத்துவத்துக்கு அப்பாற்பட்ட துறைபோல ஒலிக்கும்.

'மீ' அளவுக்கு மிஞ்சி வேலை வாங்கப்பட்ட முன்னொட்டு என்ற தடை எழலாம். மீயொலி, மீத்தரவு, மீயுரை, மீத்திறன் கணினி என்று வெவ்வேறு ஐரோப்பிய முன்னொட்டுகளுக்கெல்லாம் அதையே இழுத்துவிட்டோம் என்பது உண்மை. இந்தத் தடையை நான் எளிதாகத் தள்ளவில்லை. எனினும் ஓவியத் துறைக்குள் மோதல் வரக்கூடிய இடம் ஒன்றே: ஒளிப்படத்தையும் விஞ்சும் நுணுக்கத்தோடு தீட்டும் ஹைப்பர்ரியலிசம். அதற்கு 'மிகைமெய்மை' என்று கொண்டால் சிக்கல் தீரும், பொருளும் சரியாக அமையும். இப்போது பலர் சர்ரியலிசத்துக்கே 'மிகை யதார்த்தம்' என்று எழுதிவருவது இந்த இரண்டையும் குழப்பும் வேலை. மிகை என்பது உள்ளதன் பெருக்கம். தாலி கடிகாரத்தைப் பெருக்கவில்லை. 'கற்பனை ஓவியம்' என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. கற்பனை இல்லாத ஓவியம் எது?

இவை எவையும் பிடிக்காதவர்கள் 'சர்ரியலிசம்' என்றே எழுதட்டும். பிறமொழிச் சொல்லைக் கண்டால் முகம் சுளிப்பவன்தான் நான். இருந்தும், பொருளைத் திரிக்கும் தமிழ்ச் சொல்லைவிடப் பொருளைத் திரிக்காத கடன்சொல் தீங்கு குறைந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தப் பாடக்குறிப்பின் கடைசிப் பத்தியைப் பற்றியும் ஒரு சொல். ஓவியத்தில் 'சமச்சீர்' சிறப்பாக அமைந்துள்ளது என்கிறது அது. மேலே விளக்கிய ஓவியத்தில் இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா? இரு பக்கமும் ஒத்திருப்பது சமச்சீர். ஒவ்வாதவை ஒன்றையொன்று ஈடுசெய்து நிற்பது சமநிலை. இந்த ஓவியத்தில் சமச்சீர் அறவே இல்லை, சமநிலை மிக நுட்பமாக இருக்கிறது. அடுத்து, 'முரண்பாடு' என்னும் தலைப்பின் கீழ்ச் செம்மஞ்சள் கடிகாரம் நீலம் படர்ந்த கடிகாரத்துக்கு அருகில் இருப்பதும், மாழை உருகி வழிவதும் அடுத்தடுத்து எழுதப்பட்டுள்ளன. முன்னது வண்ணங்களின் முரண். தொடையிலக்கணம் முரண்தொடை என்று சொல்லும்போது கருதும் அதே எதிரிணைப்பு. அதில் பொருந்தாமை எதுவும் இல்லை, அழகே உண்டு. பின்னதுதான் முரண்பாடு, அது வண்ணத்திலோ கோட்டிலோ இல்லை, உலகைப் பற்றி நாம் அறிந்ததற்கும் கண்முன் காண்பதற்கும் இடையே இருக்கிறது. வேறு எந்த ஓவியத்திலும் இவ்விரண்டையும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். மீமெய்மை ஓவியத்தில் தப்பிக்க முடியாது, ஏனெனில் அங்கே இரண்டும் ஒரே திரையில், சில விரற்கடை இடைவெளியில் நிற்கின்றன.