வண்டி திரும்பலையா, நீங்கள் திருப்பலையா?

போன ஞாயிறு மதியம் ஒரு போன். என்னிடம் பைக் பயிற்சிக்குச் சேர்ந்து, இரண்டாம் நாளே "இதெல்லாம் எனக்குத் தெரியும்ண்ணா" என்று நின்றுபோன பையன். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஓர் இடது வளைவில் வலப்பக்கம் ஒதுங்கிப்போய், எதிரே வந்த வேனில் உரசி, காறை எலும்பு முறிந்து படுத்திருக்கிறான். "வண்டி திரும்பவே இல்லண்ணா" என்கிறான். இந்த வருடம் இதே வாக்கியத்தை நான்காவது ஆள் சொல்லிக் கேட்கிறேன்.

வண்டி திரும்பும் தம்பி. நீ திருப்பவில்லை.

ஒவ்வொரு பேட்ச்சிலும் முதல் நாள் ஒரு கேள்வி கேட்பேன்: வலப்பக்கம் போக என்ன செய்வீர்கள்? புதியவர்கள் ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்புவோம் என்பார்கள். பத்து வருடம் ஓட்டியவர்கள் கொஞ்சம் சிரித்துக்கொண்டே உடம்பைச் சாய்ப்போம் என்பார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தோடுதான் எனக்குத் தீராத சண்டை.

வேகத்தில் போகிற வண்டி வலப்பக்கம் திரும்ப வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். ஆமாம், வலதைத்தான். தள்ளியதும் முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்பும், வண்டியின் அடிப்பாகம் அந்தப் பக்கம் விலகும், மேல்பாகம் வலப்பக்கம் சாயும், சாய்ந்த பக்கம் வண்டி போகும். உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்தி விளையாடியிருப்பீர்களே, அதை வலப்பக்கம் சாய்க்க கையை இடப்பக்கம் நகர்த்துவீர்கள் இல்லையா, அதே கதைதான். இதற்குக் கவுன்டர்ஸ்டியரிங் என்று பெயர். பந்தயக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்காதீர்கள், ஸ்ப்ளெண்டருக்கும் இதுதான்.

இன்னும் உடம்புதான் என்று நிற்பவர்களுக்கு: அமெரிக்கப் பயிற்சியாளர் கீத் கோட் ஒரு பைக்கில் அசையவே அசையாத இரண்டாவது ஹேண்டில்பார் ஒன்றைப் பொருத்தி, அதைப் பிடித்துக்கொண்டு உடம்பாலேயே திருப்பிக் காட்டுங்கள் என்று ஆட்களை ஓட்டவிட்டார். எவ்வளவு நெளிந்தாலும் வண்டி கொஞ்சம் அலைந்து மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்ததே தவிர, ஒழுங்காக ஒரு வளைவு எடுக்கவில்லை.

குரங்குப் பெடல் போட்ட காலத்திலிருந்து நீங்களும் இதைத் தெரியாமலே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். அப்புறம் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், பயம் வருகிற அந்த ஒரு நொடிக்காக. இடது வளைவு, எதிரே வேன். இடப்பக்கம் தப்பிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் கை ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பப் பார்க்கிறது, அதாவது வலது கைப்பிடியைத் தள்ளிவிடுகிறது. சாய்ந்திருந்த வண்டி நிமிர்ந்து நேரே வேனைப் பார்த்துப் போகிறது. போதாததற்குக் கண்ணும் வேன் மேலேயே. இடது கைப்பிடியை இன்னும் கொஞ்சம் அழுத்தி, பார்வையை வளைவு முடிகிற இடத்துக்குத் திருப்பியிருந்தால் பெரும்பாலும் அடிபடாமல் தப்பித்திருப்பான். வண்டியில் இன்னும் சாய இடம் இருந்திருக்கும்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறினேன், எனக்கு எதற்குப் பாடம் என்று ஒருவர் கேட்டார். ஐயா, கொண்டை ஊசியில் 15 கி.மீ. வேகத்தில் ஹேண்டிலைத் திருப்பினாலே திரும்பிவிடும். என்னிடம் வருகிறவர்கள் விழுந்ததெல்லாம் இரண்டு கொண்டை ஊசிகளுக்கு நடுவே, 60-ல் போகலாம் போலத் தோன்றுகிற சாதாரண வளைவுகளில். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவை 40 கி.மீ. வேகத்தில் எடுக்க வண்டி சுமார் 23 டிகிரி சாய்ந்தால் போதும். அதே வளைவில் 60 என்றால் 43 டிகிரி. ஓரத்து மணல் சிதறிக்கிடக்கிற மலைப்பாதையில் அதை எந்த டயரும் தாங்காது.

ஆகவே பிரேக்கும் கியரும் வளைவுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும், உள்ளே போனபின் ஆக்ஸிலரேட்டரை லேசாகப் பிடித்தபடி போங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும், கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், அந்த எஞ்சின் பிரேக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு என்ன மிச்சம்? வலது வளைவில் நடுக்கோட்டை ஒட்டிப் போகாதீர்கள், டயர் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் சாய்ந்த உங்கள் தலை எதிர்ப் பாதையில் இருக்கும், பஸ்காரருக்கு அது தெரியாது. பின்னால் உட்காருகிறவர்களிடம் உங்களோடு சேர்ந்து சாயச் சொல்லுங்கள், பயத்தில் எதிர்ப்பக்கம் சாய வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு நேரே மலைக்குப் போய்ப் பழகாதீர்கள், தயவுசெய்து. ஆளில்லாத நேர்சாலையில், ஹெல்மெட்டோடு, 40 கி.மீ. வேகத்தில், பிடியைத் தளர்த்தி, வலது உள்ளங்கையால் மெதுவாக, மெதுவாக, ஒரு தள்ளு. வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று நீங்களே பாருங்கள். அப்புறம் இடது.

நேற்று அந்தப் பையனைப் பார்க்கப் போனேன். வண்டியைத் திண்ணை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். அகலமான டயர் போட்டால் சரியாகிவிடுமா அண்ணா என்று கேட்டான். வெளியே வந்து முன்டயரில் காற்றழுத்த கேஜ் வைத்துப் பார்த்தேன். 16 psi காட்டியது, இருக்க வேண்டியதைவிட ரொம்பக் குறைவு.